ஜேம்ஸ் பார்க்கின்சன்: நடுக்குவாதத்தை அடையாளம் காட்டிய மருத்துவர்

பார்க்கின்சன் நோய் என்ற சொல்லை முதன்முறையாகக் கேட்கும் குடும்பத்தினர் பலருக்கு, அது ஒரு மனிதரின் பெயர் என்பது தெரிந்திருப்பதில்லை. தெரிந்தவர்களிலும் சிலர், அந்நோயால் துன்புற்ற முதல் நோயாளரின் பெயராக இருக்கக்கூடும் என எண்ணுகின்றனர். ஜேம்ஸ் பார்க்கின்சனுக்கு அந்நோய் இருந்ததில்லை. அவர் லண்டன் மாநகரின் விளிம்பில் பொது மருத்துவம் பார்த்துவந்தவர். 1817-ஆம் ஆண்டு, தமது 62-ஆம் வயதில், 66 பக்கங்களே கொண்ட ஒரு சிறுநூலை வெளியிட்டார். நடுக்குவாதம் என இன்று நாம் அழைக்கும் நோயைத் தனியொரு நோயாகப் பிரித்துக் காட்டியது அந்நூலே.

அந்நூலில் அவர் கண்டு எழுதியவற்றுள் பெரும்பாலானவை இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் நிலைத்து நிற்கின்றன. ஒரு முக்கியமான கருத்து மட்டும் தவறாகிப்போனது. அத்தவறின் நிழல் இன்றும் பல வீடுகளில் இருப்பதால், அவர் வாழ்வோடு சேர்த்து அதனையும் இங்கு விளக்குகிறோம்.

மருத்துவக் குடும்பம்

ஜேம்ஸ் பார்க்கின்சன் 1755-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள் லண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில் பிறந்தார். அந்நாளே உலகெங்கும் பார்க்கின்சன் நோய் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. தந்தை ஜான் பார்க்கின்சன் அதே பகுதியில் அப்போத்திகரியாகவும் அறுவை மருத்துவராகவும் பணியாற்றியவர். அப்போத்திகரி என்பவர் மருந்து தயாரிப்பதோடு நோயாளரையும் பார்ப்பவர். நடுத்தர மக்களுக்கும் ஏழைகளுக்கும் எளிதில் எட்டிய மருத்துவர் அவரே. மகன் தந்தையிடம் தொழில் பயின்றார். 1776-இல் லண்டன் மருத்துவமனையில் ஆறு மாதங்கள் பயிற்சி பெற்றார். மறு ஆண்டே, மூச்சு நின்றுபோன ஒருவரை உயிர்ப்பித்த முயற்சிக்காக ராயல் ஹியூமேன் சொசைட்டி அவருக்கு வெள்ளிப் பதக்கம் வழங்கியது.

1785-இல், அக்காலத்தின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஜான் ஹன்டரின் விரிவுரைகளைக் கேட்கச் சென்றார். கேட்டவற்றைச் சுருக்கெழுத்தில் குறித்துவைத்தார். பின்னாளில் மருத்துவராகிய அவருடைய மகன் அக்குறிப்புகளை 1833-இல் நூலாக வெளியிட்டார். காண்பதையும் கேட்பதையும் உடனுக்குடன் எழுதிவைக்கும் இப்பழக்கத்தை நினைவில் கொள்ள வேண்டும். அவரிடம் வேறு கருவி ஏதும் இல்லை. நோயாளரின் நெஞ்சில் வைத்துக் கேட்கும் ஸ்டெதஸ்கோப் கூட, அவருடைய நடுக்குவாத நூல் வெளிவருவதற்கு ஓராண்டு முன்புதான் பாரிஸ் நகரில் உருவாகியிருந்தது.

மருத்துவமும் அரசியலும்

அவர் அமைதியாகத் தொழில் மட்டும் பார்த்திருந்தவர் அல்லர். பிரெஞ்சுப் புரட்சியை அடுத்த ஆண்டுகளில், சாதாரண மக்களுக்கும் வாக்குரிமை வேண்டும் எனக் கோரிய லண்டன் சங்கம் ஒன்றில் உறுப்பினராக இருந்தார். ‘ஓல்ட் ஹியூபர்ட்’ என்னும் புனைபெயரில் அரசை விமர்சிக்கும் துண்டு நூல்களை எழுதினார். 1794-இல், மன்னர் மூன்றாம் ஜார்ஜை நாடகக் கொட்டகையில் நச்சு அம்பால் கொல்லச் சதி நடந்ததாகக் கூறி அச்சங்கத்தினர் சிலர் கைது செய்யப்பட்டபோது, பிரதமர் வில்லியம் பிட் இருந்த அவையின் முன் பார்க்கின்சன் நின்று சாட்சியம் அளித்தார். புனைபெயருக்குள் இருந்தவர் தாமே என்பதையும் அங்கே ஒப்புக்கொண்டார். நாடு கடத்தப்படும் தண்டனைகள் வழங்கப்பட்டுவந்த காலம் அது.

அதன்பின் அவர் எழுத்து வேறு திசையில் சென்றது. 1799-இலும் 1800-இலும், குடும்பங்களுக்கும் கிராம மக்களுக்கும் நோய்களைப் பற்றிய அறிவுரை நூல்களை எளிய நடையில் எழுதினார். எதனை வீட்டிலேயே கவனிக்கலாம், எப்போது மருத்துவரை அழைத்தே ஆகவேண்டும் என்பதைச் சாதாரண மக்களுக்குப் புரியும்படி கூறிய நூல்கள் அவை. இது போன்ற நலவாழ்வுப் பக்கங்களை எழுதுபவர்களுக்கு அவர் ஒரு முன்னோடி எனலாம். கீல்வாதத்தைக் குறித்து 1805-இல் எழுதினார். அந்நோய் அவருக்கே இருந்தது. 1812-இல் அவரும் அவர் மகனும் பார்த்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனின் மரணத்தை மகன் பதிவு செய்தார்: குடல்வால் துளைபட்டதே மரணத்தின் காரணம் எனக் காட்டிய மிகப் பழைய ஆங்கிலக் குறிப்புகளில் அதுவும் ஒன்று.

இவற்றோடு, பாறைகளில் படிந்த பழங்கால உயிரினங்களைச் சேகரிப்பதில் அவருக்குத் தீராத ஆர்வம் இருந்தது. 1804, 1808, 1811 ஆகிய ஆண்டுகளில் மூன்று பெரும் தொகுதிகளாகத் தொல்லுயிர் எச்சங்களைப் பற்றி வெளியிட்டார். 1807-இல் லண்டன் புவியியல் கழகத்தை நிறுவிய பதின்மூவருள் அவரும் ஒருவர். அவர் வாழ்நாளில் புகழ் தந்தது இத்துறையே. ஒரு துண்டு எலும்பிலிருந்தோ சிப்பியின் ஒரு பதிவிலிருந்தோ முழு உயிரை ஊகித்தறியும் பயிற்சி, தெருவில் கண்ட ஒரு நடையிலிருந்து முழு நோயை ஊகிக்க அவருக்கு உதவியிருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது.

அறுவரின் கதை

நடுக்குவாத நூல் ஆறு பேரை மட்டுமே அடிப்படையாகக் கொண்டது. அவர்களுள் மூவர் அவரிடம் சிகிச்சைக்கு வந்தவர்களே அல்லர்.

முதலாமவர் ஐம்பது வயதைக் கடந்த தோட்டக்காரர். ஒழுக்கமும் மிதமும் உள்ள வாழ்க்கை வாழ்ந்தவர். நடுக்கம் இடது கையில் தொடங்கியது. சில நாள்கள் அக்கைக்கு மிகுதியாக வேலை கொடுத்ததே காரணம் என அவர் நம்பினார். இரண்டாமவரைப் பார்க்கின்சன் தெருவில் தற்செயலாகக் கண்டார். 62 வயது, நீதிபதி அலுவலகம் ஒன்றில் நெடுங்காலம் ஊழியராக இருந்தவர். உடல் முன்னோக்கி வளைந்து, பேச்சு தடைபட்டு, பாதங்களின் முன்பகுதியை மட்டும் ஊன்றித் தடியுடன் நடந்துகொண்டிருந்தார். மூன்றாமவரும் தெருவில் கண்டவரே. சுமார் 65 வயதுடைய கட்டுடல் கொண்ட முன்னாள் மாலுமி. நடக்க முயன்றால் அவரையும் அறியாமல் ஓட்டமாக மாறியது. எதிரி நாட்டுச் சிறையில் ஈர மண்தரையில் பல மாதங்கள் படுத்துக் கிடந்ததே இதற்குக் காரணம் என்றார் அவர். ஒவ்வொருவரும் தத்தம் வாழ்விலிருந்து ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தனர். இன்றும் அப்படித்தான், கீழே விழுந்ததையும், வேலைப்பளுவையும், நெருங்கியவரின் மறைவையும் காரணமாகச் சொல்லிக்கொண்டு வருவோர் பலர். தமக்கு வாய்த்த நோய்க்குத் தம்மையோ பிறரையோ குற்றம் சொல்ல வேண்டியதில்லை என்பதை நோயாளர்கள் அறிய வேண்டும். பெரும்பாலானோருக்கு இந்நோய் ஏன் வந்தது என்று ஒற்றைக் காரணத்தைச் சுட்ட இயலாது.

நான்காமவர் வேறொரு துன்பத்துக்காக, விலாப் பகுதியில் உண்டான வீக்கத்துக்காக, வந்தவர். பின்னர் வேறிடம் சென்றுவிட்டதால் அவரைத் தொடர்ந்து பார்க்க முடியவில்லை. ஆறாமவர் 72 வயதினர். அவருக்குப் பக்கவாதம் ஏற்பட்டு வலப்பக்கம் செயலிழந்திருந்த நாள்களில் அப்பக்கத்து நடுக்கம் முற்றிலும் நின்றிருந்தது. செயல் திரும்பியபோது நடுக்கமும் திரும்பியது. நடுக்கம் தசையில் பிறப்பதன்று, நரம்பு மண்டலத்தின் வழியே வருவது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அன்று கிடைத்திராது.

பராமரிப்பவர்கள் கவனிக்க வேண்டியவர் ஐந்தாமவர். அவரைப் பார்க்கின்சன் தொலைவிலிருந்தே பார்த்தார். அந்நோயாளரால் ஓட்டமாக அன்றி நகர முடியவில்லை. அவருடைய உதவியாளர் எதிரே நின்று, இரு தோள்களிலும் கை வைத்துத் தாங்கிக்கொள்வார். நோயாளர் மெல்ல முன்னும் பின்னும் அசைந்து தம் நிலையைச் சமன்செய்துகொண்டு, தயார் எனச் சொல்லிப் புறப்படுவார். உடனே உதவியாளர் விலகி முன்னே ஓடி, சிறிது தொலைவில் நோயாளர் விழப்போகும் தருணத்தில் தாங்கிப் பிடிப்பார். அந்த உதவியாளரின் பெயர் எங்கும் இல்லை. ஆயினும், அவர்கள் இருவரும் தாமாகவே கண்டுபிடித்துக்கொண்ட முறையின் சாயலை இன்றைய இயன்முறை மருத்துவத்திலும் காணலாம். நடக்கும்போது கால் தரையில் ஒட்டிக்கொண்டது போல உறைந்து நின்றால், நோயாளரைக் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் மேலுடல் மட்டும் முன்னே வந்து விழ நேரிடும். சற்று நின்று, உடல் எடையைப் பக்கவாட்டில் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றச் சொல்ல வேண்டும். பின்பு ஒன்று, இரண்டு என எண்ணிக்கொண்டோ, தரையில் உள்ள ஒரு கோட்டைத் தாண்டுவது போல எண்ணிக்கொண்டோ அடியெடுத்து வைக்கச் செய்யலாம்.

இந்த அறுவரையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோதுதான், தனித்தனியாக முதுமை என்றும் பலவீனம் என்றும் ஒதுக்கப்பட்டவை ஒரே நோயின் வெவ்வேறு கட்டங்கள் எனப் புலப்பட்டது. கை ஓய்வாக இருக்கும்போது தோன்றும் நடுக்கம், எழுதுவதிலும் உண்பதிலும் ஏற்படும் இடர், முன்னோக்கிய வளைவு, சிறு அடிகளாக விரையும் நடை, மலச்சிக்கல், கெடும் உறக்கம், தெளிவிழக்கும் பேச்சு, வழியும் உமிழ்நீர் எனப் பல ஆண்டுகளில் மெல்ல முற்றும் ஒரு வரிசையை அவர் எழுதினார். இறந்தவரின் உடலைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு தமக்குக் கிட்டவில்லை என்பதையும், ஆகவே காரணம் பற்றித் தாம் கூறுவது ஊகமே என்பதையும் முன்னுரையிலேயே ஒளிக்காமல் கூறிவிட்டார். அந்த ஊகம் தவறுதான். கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில் கோளாறு இருப்பதாக எண்ணினார். பின்கழுத்தில் இரத்தம் வடிப்பதையும், தோலைக் கொப்புளிக்கச் செய்வதையும் சிகிச்சையாகப் பரிந்துரைத்தார். அக்கால மருத்துவம் அதற்கு மேல் அறியாது. ஆனால் நோயின் இயல்பு தெரியாதவரை உள்ளுக்கு மருந்து கொடுப்பது முறையன்று எனவும் அவர் எழுதினார். அந்த எச்சரிக்கை எத்தனையோ பேரைப் பயனற்ற மருந்துகளிலிருந்து காத்திருக்கக்கூடும்.

அவர் காணாதவை

நோயை வரையறுக்கும்போது, புலன்களும் அறிவும் பாதிக்கப்படுவதில்லை எனப் பார்க்கின்சன் எழுதினார். மேலே குறிப்பிட்ட தவறு இதுவே. அவர் நோக்கம் நல்லது: உடல் நடுங்குபவரின் உள்ளமும் குழம்பியிருக்கும் எனப் பிறர் இகழக் கூடாது. பலருக்கு, குறிப்பாகத் தொடக்க ஆண்டுகளில், அறிவு தெளிவாகவே இருக்கிறது. முகத்தில் அசைவு குறைவதையும் பேச்சு தாழ்வதையும் கண்டு, அவருக்கு ஒன்றும் புரியாது எனக் குடும்பத்தினரே முடிவுகட்டிவிடுவது பெருங்கொடுமை. ஆயினும் எவருக்கும் மனம் பாதிக்கப்படாது என்பது உண்மையன்று. மனச்சோர்வும் பதற்றமும் இந்நோயில் மிகச் சாதாரணமாகக் காணப்படுபவை. கை நடுங்கத் தொடங்குவதற்கு முன்பே கூட அவை வரலாம். மோப்ப உணர்வு குறைவதும், உறக்கத்தில் கனவுக்கேற்பக் கைகால்களை உதைப்பதும், மலச்சிக்கலும் அவ்வாறே முன்கூட்டி வரக்கூடும். நோய் நீடிக்கும்போது சிலருக்கு நினைவாற்றல் தளரும். இல்லாத உருவங்கள் தெரியும். நடுக்கத்தைப் பற்றி மட்டும் மருத்துவரிடம் கூறி, மற்றவற்றை முதுமை என்றோ பிடிவாதம் என்றோ விட்டுவிடும் குடும்பங்கள் பல. இவற்றுள் பலவற்றுக்கு மருத்துவம் உண்டு. சொன்னால்தான் கொடுக்க முடியும்.

மற்றொரு குறையைத் திருத்தியவர், பாரிஸ் சால்பெத்ரியேர் மருத்துவமனையின் நரம்பியல் மருத்துவர் ஜான் மார்ட்டின் ஷார்கோ. இந்நோயாளர் அனைவருக்கும் நடுக்கம் இருப்பதில்லை, தசைகள் உண்மையில் வலுவிழப்பதுமில்லை, எனவே நடுங்கும் வாதம் என்ற பெயர் இரு வகையிலும் பொருந்தாது என அவர் காட்டினார். தசை இறுக்கத்தையும், செயல்கள் மெதுவாவதையும் தனி அறிகுறிகளாகப் பிரித்துக் காட்டினார். பார்க்கின்சனின் பெயராலேயே இந்நோயை அழைக்கலாம் என முன்மொழிந்தவரும் ஷார்கோவே. அப்போது பார்க்கின்சன் மறைந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. ஷார்கோ கூறியது இன்றும் பொருந்தும். கை நடுங்காமல், சட்டைப் பொத்தானைப் போட நேரமாகிறது, கையெழுத்து சிறுத்துவிட்டது, ஒரு கை வீச்சின்றித் தொங்குகிறது என்ற நிலையிலேயே நோய் தொடங்கியிருக்கலாம். எங்கள் புறநோயாளர் பிரிவிலும், வாயிலிலிருந்து நாற்காலி வரை நோயாளர் நடந்து வருவதைப் பார்ப்பதிலேயே பாதி நோயறிதல் முடிந்துவிடுவதுண்டு. மறுபுறம், கை நடுங்குவோர் எல்லோரும் பார்க்கின்சன் நோயாளர் அல்லர். வேறு பல காரணங்களும் உண்டு. வாந்திக்கும் மனநோய்க்கும் தரப்படும் சில மருந்துகளே இதே தோற்றத்தை உண்டாக்கும். ஆகவே உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

நோயின் இருப்பிடம் மூளையின் நடுப்பகுதியில், கருநிறச் செல்கள் அடர்ந்த ஒரு சிறு இடம் என்பது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் உறுதியானது. அச்செல்கள் டோபமின் என்னும் பொருளைச் சுரந்து உடல் அசைவைச் சீராக்குகின்றன. அவற்றில் கணிசமான பகுதி அழிந்த பின்னரே அறிகுறிகள் வெளிப்படுகின்றன. 1950-களின் இறுதியில் சுவீடனைச் சேர்ந்த ஆர்விட் கார்ல்சன், சர்ப்பகந்திச் செடியிலிருந்து கிடைக்கும் ரெசர்பின் மருந்தைக் கொடுத்து அசைவிழந்த முயல்களுக்கு லெவோடோபா கொடுத்தபோது அவை மீண்டும் நடமாடின. வியன்னாவில் ஒலே ஹார்னிகீவிச், இந்நோயால் இறந்தோரின் மூளையில் டோபமின் குறைந்திருப்பதை 1960-இல் காட்டினார். லெவோடோபாவைச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்திக் கொடுக்கும் முறையை 1967-இல் ஜார்ஜ் கோட்சியாஸ் வெற்றிகரமாக வெளியிட்டார். பார்க்கின்சனின் நூலுக்கும் பயனுள்ள இம்மாத்திரைக்கும் இடையே சரியாக 150 ஆண்டுகள்.

லெவோடோபா நோயை அழிப்பதில்லை. குறைந்துபோன டோபமினை ஈடுசெய்கிறது. அதனால்தான் வேளை தவறாமல் உட்கொள்ள வேண்டியுள்ளது. பருப்பு, முட்டை, இறைச்சி போன்ற புரத உணவோடு சேர்த்து எடுத்தால் சிலருக்கு மருந்து சரியாக உறிஞ்சப்படுவதில்லை. உணவுக்கு அரை மணி நேரம் முன்னதாக எடுப்பது பொதுவாக நல்லது. எக்காரணத்தாலும் திடீரென நிறுத்தக் கூடாது. கடும் காய்ச்சலும் தசை இறுக்கமும் உண்டாகி உயிருக்கே ஆபத்தாகலாம். நோயாளர் வேறு நோய்க்காக மருத்துவமனையில் சேர நேர்ந்தால், இம்மாத்திரையின் பெயர், அளவு, நேரம் ஆகியவற்றை எழுதிய தாளைப் பராமரிப்பவர் உடன் எடுத்துச் செல்ல வேண்டும். நம் நாட்டு மருத்துவ முறைகளில் வழங்கும் பூனைக்காலி விதையிலும் லெவோடோபா இயற்கையாகவே உள்ளது. அதன் அளவு ஒரே சீராக இருப்பதில்லை என்பதால், மாத்திரையோடு அதனையும் சேர்த்து உட்கொள்பவர்கள் மருத்துவரிடம் தெரிவித்தே ஆகவேண்டும்.

இறுதி ஆண்டுகள்

நடுக்குவாத நூல் வெளிவந்தபோது பெரிய வரவேற்பு ஏதும் இல்லை. பார்க்கின்சன் தம் அன்றாடப் பணிக்குத் திரும்பினார். ஷோர்டிச் பகுதியின் ஏழைகள் விடுதிக்கு மருத்துவராக இருந்த அவர், நெரிசலில் தொற்றுக் காய்ச்சல் பரவுவதைக் கண்டு, காய்ச்சல் நோயாளர்களைப் பிரித்து வைக்கத் தனி அறைகள் ஒவ்வொரு வட்டாரத்திலும் வேண்டும் என 1819-இல் எழுதினார். 1822-இல் ராயல் அறுவை மருத்துவக் கல்லூரி அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. அது தொல்லுயிர் ஆய்வுகளுக்காக. 1824-ஆம் ஆண்டு டிசம்பரில் பக்கவாதம் தாக்கிப் பேச்சிழந்தார். 21-ஆம் நாள் மறைந்தார். தம் பகுதித் தேவாலயமான புனித லியோனார்டு ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவருடைய உருவப்படம் எதுவும் கிடைக்கவில்லை. இணையத்தில் அவர் பெயரோடு சுற்றிவரும் தாடி வைத்தவரின் புகைப்படம் வேறொருவருடையது. அவர் இறந்தபோது புகைப்படக் கலையே நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. அவரை நேரில் கண்ட இளைய புவியியலாளர் கிடியன் மாண்டெல் எழுதிவைத்த சில வரிகள் மட்டும் உள்ளன. சராசரிக்குச் சற்றுக் குறைந்த உயரம், அறிவும் சுறுசுறுப்பும் தெரியும் இனிய முகம், மென்மையான பழக்கவழக்கம், தமக்குத் தெரிந்ததை, அது தொல்லுயிரானாலும் மருத்துவமானாலும், கேட்டவர்க்குத் தயங்காமல் எடுத்துச் சொல்லும் இயல்பு என அவ்வரிகளிலிருந்து அறிகிறோம்.